மூஞ்சி இருக்கட்டும், நம்பரு வேணாம்

ஜெசிந்தா அக்கா அனுப்பிய குரல்செய்தி. ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் எங்கள் ஊரில் இன்னும் விடியவில்லை. ராயபுரத்தில் மாலைப் பூசைக்கு மணி அடிப்பது பின்னணியில் கேட்கிறது. செய்தியை ஒரு சொல் விடாமல் தருகிறேன்: "டேய் தம்பி, சட்டம் சட்டம்னு பைத்தியமா அலையிறியே, அது யாருக்காவது பிரயோஜனமாவட்டும். சட்டசபைக் குழு திருவொத்தியூருக்கு வருதாம். மீன் விக்கிற நம்ம தேசம்மா மனு குடுக்கப் போறா. எழுந்து பேசவும் போறா. நீ வந்து கூட நில்லு. வரும்போது மூட்டு வலிக்குத் தடவுற அந்தத் தைலம் ரெண்டு எடுத்துக்கினு வா."

அக்கா என் பெரியம்மா மகள். தூத்துக்குடியில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்மண்டபத்துப் பக்கம் மீன்வலை, தூண்டில், கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறாள். நான் இல்லினாய் மாநிலத்தில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பதுபோல நான், எந்த மாநிலப் பேரவை எந்த ஆண்டில் தனிமனிதத் தகவல்களைக் காக்கச் சட்டம் இயற்றியது என்று சேர்க்கிறேன். விரல்ரேகையையும் முகச்சாயலையும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று இல்லினாய் 2008-இல் சட்டம் செய்தது. கலிபோர்னியா 2018. வர்ஜீனியாவும் கொலராடோவும் 2021. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 ஆகஸ்டில். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2023 ஆகஸ்டில். விதிகள் வந்தது 2025 நவம்பரில். தமிழ்நாட்டுப் பேரவை இதற்கென்று தனியாக ஒரு சட்டம் இயற்றியதாக என் தொகுப்பில் இல்லை. ஆகவே அக்காவின் செய்தியைக் கேட்டதும் தைலம் வாங்கக் கிளம்பினேன்.

புறப்பட்ட அன்று எங்கள் வாசலில் பனியை வாரிக் கொட்டிவிட்டுத்தான் காரை எடுக்க முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை ராயபுரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துவந்தவன் சேகர், தேசம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறான். நான் வண்டியில் ஏறி உட்கார்வதற்குள் என்னைப் படம் எடுத்துத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். "ஊருக்கே தெரிஞ்சிபோச்சி அண்ணாத்த. இனிமே உன்ன எவனும் அசைக்க முடியாது" என்றான். அதுவரை யாரும் என்னை அசைக்கப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் நாஸ்தா. இட்லியும் வடகறியும். வடகறியை ஊற்றிய அம்மாள், நான் போதும் என்று கை காட்டியதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். சிகாகோவில் போதும் என்றால் போதும்தான். அங்கே யாரும் இப்படிக் காலை உணவில் தோற்பதில்லை.

தேசம்மாவை அக்காவின் கடையில் பார்த்தேன். வலைக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், நல்ல உயரம், கணீர் குரல். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மாத்தூர்ப் பக்கத்து அடுக்கு வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பது அவள் தொழில். பேச வேண்டியதைக் குறிப்பாக எழுதி அனுப்புகிறேன், உங்கள் எண்ணைச் சொல்லுங்கள் என்றேன்.

"நம்பரா? எதுக்கு?"

"குறிப்பு அனுப்ப."

"எழுதி கைல குடு அண்ணே. நான் இங்கதானே கீறேன்."

அக்கா சிரித்தாள். "என்கிட்டயே போன மாசம்தான் குடுத்தா. சத்தியம் வாங்கிக்கினு."

காரணத்தைத் தேசம்மாவே சொன்னாள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களுக்கு அரசு குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. யார் யாருக்கு என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். போன முறை ஒட்டிய பட்டியலில் பெயரோடு போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் முழுசாக இருந்தன. எந்த அலுவலகம் ஒட்டியது என்பது இங்கே வேண்டாம். யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு அவள் போன் ஓயவில்லை.

"ஒர்த்தன் லோன் வேணுமான்றான். ஒர்த்தன், உன் பேரு தேசம்மா, உன் பேங்கு இது, மெசேஜ்ல வந்த நம்பர சொல்லுன்றான். ஒர்த்தன் சும்மா பேசலாம்னு கூப்டேன்றான். எனுக்கு! பேரன் எடுத்தவளுக்கு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். "பேஜாரா போயி நம்பர மாத்திட்டேன். மாத்தூர் வாடிக்கைங்க பழைய நம்பருக்கு அடிச்சிப் பாத்துட்டு வேற ஆள புட்ச்சிக்கினாங்க. கேட் கேட்டா நின்னு மறுபடி பாதி பேர சேத்தேன். இப்போ இந்த வருசத்துக்கு எழுதணுமாம். புது நம்பர குடுன்றாங்க. அது சொவுத்துல ஏறும்னா எனுக்கு நிவாரணமே வேணாம்."

"வீட்டுக்காரருக்குக் கடல் கிடையாது, உனக்கு மீன் கிடையாது, எதைத் தின்னுவ?" என்றாள் அக்கா.

"உன் தம்பி கொண்டாந்த தைலத்த."

பெயர் பதிய வருகிற செவ்வாய்க்கிழமை கடைசி நாள். குழு வருவது திங்கட்கிழமை. அதாவது திங்களன்று ஏதாவது பதில் கிடைத்தால்தான் செவ்வாயன்று அவள் பெயர் ஏறும்.

சனிக்கிழமை மனுவுக்குக் கையெழுத்து வாங்க நானும் சேகரும் எண்ணூர்ப் பக்கம் போனோம். போனோம் என்பதைவிட நின்றோம் என்பது சரி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை வரிசையில் நின்றன; ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். சேகர் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஆட்டோவைச் செருகினான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இந்தியில் பேசிய ஓர் ஓட்டுநர் எங்களைப் பார்த்துச் சொன்னதைச் சேகர் மொழிபெயர்த்தான்: "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, சாப்ட்டுப் போங்கன்றாரு." சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு, ரொட்டி, பச்சை மிளகாய். மிச்சிகன் ஏரிக் கரையில் உருக்காலைகளைத் தாண்டும்போது காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆட்டோவுக்கு ஏற்றக் கண்ணாடி கிடையாது. புகைபோக்கிகள், நிலக்கரி வாசனை, நடுவே திடீரென்று நீலமாகக் கடல். எல்லாம் முகத்துக்கு நேரே வந்தன.

எண்ணூர் மீனவப் பெண்கள் மனுவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அதோடு சேகர் ஒவ்வொருவரிடமும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் போன் நம்பரும் கேட்டான். எல்லாரும் கொடுத்தார்கள். இல்லாதவர்களைச் சுவரோரம் நிறுத்தித் தன் போனில் எடுத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். "மனு பலமா இருக்கணும்ல அண்ணாத்த" என்றான். குழுவின் நடைமுறை அப்படி இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். அது என் தவறு. எந்த நடைமுறையையும் நான் இப்படி விசாரிக்காமல் விடுகிறவன் அல்ல.

மாலையில் தள்ளுவண்டி ஒன்றில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வறுத்த வெங்காயமும் புளியும் மிளகாய்த்தூளும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சூப் தீரத்தீரக் கேட்காமலே ஊற்றுகிறார்கள். ராயபுரத்தில் ஊற்றுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை என்று அப்போதே எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சுறாப்புட்டும் நெத்திலி வறுவலும் முடிந்து, அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. மனுதாரருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நான் எழுதிக்கொடுத்ததைத் தேசம்மா கேட்டாள். "'இறையாண்மை'ன்னு ஒண்ணு வருதே, அத தூக்கு. எனுக்கே பயமா கீது" என்றாள். ஒவ்வொன்றாகத் தூக்கினோம். கடைசியில் மிஞ்சியது அவள் முதல் நாள் கடையில் சொன்ன கதைதான்.

"உங்க ஊர்ல இப்டி ஒட்டுவாங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

யோசித்து உண்மையைச் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் என் வீட்டுக்கு என்ன வரி, எப்போது வாங்கினேன் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

"அய்ய! அப்போ உனுக்கும் சேத்து ஒரு மனு எழுதணும்போல கீதே!" என்று அவள் கையைத் தட்டிச் சிரித்ததில் பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது எதிர்ப்புறக் காலிமனையில் சாரம் கட்டி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. முதலில் யாருக்கோ காதுகுத்து என்று நினைத்தேன். பிறகு என் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கள் உரிமை! எங்கள் தனியுரிமை!" என்று மேலே. நடுவில் தேசம்மா, கைகூப்பியபடி, பின்னணியில் அலைகடலும் ஒரு சிங்கமும். வலப்பக்கம் நான், "அமெரிக்க சட்ட மேதை சூசை" என்ற பட்டத்தோடு. இடப்பக்கம் கருப்புக் கண்ணாடி போட்ட சேகர், என்னைவிடப் பெரிதாக. கீழே வரிசை வரிசையாகக் கையெழுத்துப் போட்ட பெண்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே போன் நம்பர்.

இந்த வட்டாரத்தில் நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும் பேனர் உண்டு, பேனர் என்றால் கீழே எல்லாருடைய முகமும் உண்டு. ஒரு முகம் விட்டுப்போனால் அந்த வீட்டில் அப்புறம் பேச்சுவார்த்தை இருக்காது. சேகர் யாரையும் விடவில்லை.

"டேய், பர்மிசன் வாங்குனியா?" என்று பேனருக்கு அடியில் நின்ற சேகரிடம் கேட்டாள் அக்கா.

"மனைக்காரன் நம்ம தோஸ்துக்கா."

வந்திறங்கிய பெண்களுக்கோ ஒரே குதூகலம். "தோ பாரு, நான்தான்!" "ஏய், உன்ன ஷோக்கா போட்டுக்கீறான்!" "எனுக்கு ஏண்டா கண்ண மூடிக்கினு கீற போட்டோ?" பேனருக்கு முன்னால் நின்று தங்கள் முகத்தோடு தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தேசம்மா வந்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். சிங்கத்துக்குக் கீழே, தன் கைகூப்பலுக்குக் கீழே, அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்த அந்தப் புது எண், வண்டிச் சக்கர அளவுக்கு இருந்தது.

"யார கேட்டு போட்ட?"

"எக்கா, கெத்தா இருக்கணும்னு…"

"அடக் கஸ்மாலம், யார கேட்டு போட்டன்றேன்."

உள்ளே குழு உட்கார்ந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். தேசம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக ஆட்டோவை நோக்கி நடந்தாள். "நான் வூட்டுக்குப் போறேன். இந்தக் கலீஜ வெளிய கட்டிட்டு உள்ள போயி நான் இன்னா மூஞ்ச வெச்சிக்கினு பேசுறது?"

கழற்றிவிடலாம் என்றேன். சாரத்தோடு கட்டியிருந்தது, அவிழ்க்க ஆளும் நேரமும் இல்லை. அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி, "கழட்டாத! மொதல் தபா பேனர்ல வந்துக்கீறேன்" என்று கத்தினாள். இன்னொருத்தி, "என்னை மட்டும் எடுத்துரு. கோயிலுக்குப் போறேன்னு மாமியார்கிட்ட சொல்லிட்டு வந்துக்கீறேன்" என்றாள்.

ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்த தேசம்மா நின்றாள். திரும்பி வந்தாள். அக்காவைப் பார்த்து, "வலைல வெல ஒட்டுவியே அந்த வெள்ளை ஸ்டிக்கர், பைல கீதா?" என்றாள். இருந்தது. மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, சேகரை அதன்மேல் ஏற்றினாள்.

"சொல்லும்மா ஜோதி. மூஞ்சி இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"நம்பரு?"

"வேணாம்."

சேகர் ஒட்டினான். அடுத்தவள். மூஞ்சி வேணாம், பேரு இருக்கட்டும். அடுத்தவள், மாமியாரிடம் கோயில் என்று சொல்லி வந்தவள்: எதுவும் வேணாம், நான் வரவே இல்ல. அடுத்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என் மூஞ்சி, பேரு, நம்பரு எல்லாம் இருக்கட்டும். எறா வேணும்னா கூப்டுவாங்க. அய்யே, என் நம்பர ஏண்டா சின்னதா போட்ட?"

கேட்கக் கேட்கச் சிரிப்பு. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் முறை வந்தது. "உனுக்கு அண்ணே?" முகம் இருக்கட்டும், 'மேதை'யை மூடிவிடு என்றேன். கடைசியாகத் தேசம்மாவின் எண். அதற்கு மட்டும் ஒரு முழுத் தாள் ஸ்டிக்கர் ஆயிற்று. ஒப்புதல் என்ற சொல்லுக்கு எத்தனை மாநிலங்கள் என்னென்ன விளக்கம் எழுதியிருக்கின்றன என்று நான் படித்திருக்கிறேன். வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஒரே மரியாதை கொடுத்து, நாற்காலி போட்டு அதை நடத்துவதைப் பார்த்தது திருவொற்றியூரில்தான்.

விசாரணைக்குள் போனபோது தேசம்மாவின் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பேசினாள். போன் கதையைச் சொன்னபோது உறுப்பினர்கள் சிரிக்காமல் கேட்டார்கள். பதில் சொன்ன அதிகாரி நாணயமான மனிதராகத்தான் தெரிந்தார். பட்டியலை மறைத்தால் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள், ஊரே பார்த்துச் சரி சொல்லத்தான் ஒட்டுகிறோம் என்றார்.

"பேரு போடுங்க சார், வேணாம்னு சொல்லல" என்றாள் தேசம்மா. "கடல் பக்கமே வராதவன் எவன் வாங்குறான்னு எங்களுக்கும் தெரியணும். பேரு போடு, ஊரு போடு. ஆனா அவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்குறதுக்கு அவன் பேங்கு நம்பரு எதுக்கு?"

அதிகாரி சற்றுத் தயங்கி, எண்களைப் போட வேண்டும் என்று உத்தரவு எதுவும் இல்லை, கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே அச்செடுத்து ஒட்டுவது வழக்கம் என்றார். இத்தனை பேருடைய நிம்மதியைக் குலைத்தது, யாரோ போன், வங்கி என்ற இரண்டு கட்டங்களை மறைக்காமல் அச்செடுத்ததுதான்.

அப்போதுதான் குழுத் தலைவர், வயதான பெண்மணி, மூக்குக் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "அம்மா, வரும்போது வாசல்ல பாத்தேன். நம்பரெல்லாம் போட்டு நீங்களே பேனர் வெச்சிருக்கீங்களே?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரும்போது பாத்தது வேறம்மா" என்றாள் தேசம்மா. "என் தம்பி கேக்காம போட்டுட்டான். நீங்க உள்ள வந்தப்புறம் ஒவ்வொருத்தரா கேட்டோம். போகும்போது பாருங்க. வெள்ளையா கீறதெல்லாம் வேணாம்னவங்க. அவன் கேக்காம போட்டான், அஞ்சு நிமிசத்துல சரி பண்ண வெச்சேன். உங்க ஆபீஸ் போட்டத நான் எந்த நாற்காலி மேல ஏறி மூடுறது?"

பின்வரிசையிலிருந்து எண்ணூர்ப் பெண்கள் தட்டிய கைத்தட்டலில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. தலைவர் அடக்கவில்லை. இனி ஒட்டும் பட்டியலில் பெயரும் ஊரும் தவிர எதுவும் வேண்டாம் என்று குழு எழுதும் என்றார். அதிகாரி, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வருடத்திலிருந்தே எண்களை எடுத்துவிடுகிறேன் என்று எழுந்து நின்று சொன்னார்.

எச்சரிக்கையாகப் பதிவு செய்கிறேன்: இது சட்டம் அல்ல. ஒரு குழுவின் பரிந்துரை, ஓர் அதிகாரியின் வாய்மொழி. என் தொகுப்பில் இதைச் சேர்க்க இடம் இல்லை. ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டில், எங்கள் மாநிலப் பேரவையின் விசாரணை ஒன்றைப் பார்வையாளர் வரிசையில் இருந்து கேட்டிருக்கிறேன். முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தோம். இங்கே முடிந்ததும் எல்லாரும் ரோஸ்மில்க் குடிக்கப் போனோம், சேகரைத் திட்டிக்கொண்டே. அவன் எல்லாருக்கும் கிளாஸ் எடுத்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை தேசம்மா பெயர் பதிந்தாள். நானும் அக்காவும் கூடப் போனோம். போன் நம்பர் கேட்டார்கள். அவள் எங்களைப் பார்த்து, "அந்தாண்ட திரும்புங்க" என்றாள். திரும்பிக்கொண்டோம். எண்ணைச் சொன்னாள். அன்றிரவு எனக்கு விமானம்.

தடைக்காலம் தொடங்கிய பின் அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது, அக்காவின் போனிலிருந்து. நிவாரணம் வந்துவிட்டதாம். பட்டியலும் ஒட்டியாகிவிட்டதாம், பெயர், ஊர், அவ்வளவுதானாம், ஒரு நம்பர்கூட இல்லையாம். மாத்தூர் வாடிக்கைகளில் மீதிப் பேரும் தடைக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்களாம். அவள் குரலில் காசிமேடு முழுக்கக் கேட்டது. எனக்கு ஆதாரம் வேண்டும். பட்டியலை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பதில் உடனே வந்தது. "நல்லா கீதே அண்ணே! அதுல ஊர்ல கீறவங்க பேரெல்லாம் கீது. அவங்கள கேக்காம உனுக்கு எப்டி அனுப்புறது?"

ஆகவே, அந்தப் பட்டியலில் எண்கள் இல்லை என்பது தேசம்மா சொன்னது. நான் பார்க்கவில்லை. இதுவரை சரிபார்க்கப்படாத தகவல்.